காப்பீட்டு முகவருக்குச் சந்திப்பு நேரம் வாங்கித் தரும் டெலிகாலருக்கு என்ன சம்பளம் நியாயம்?

பீளமேடு முகவர்:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களைப் போனில் அழைத்து நேரம் வாங்கும் வேலையை இதுவரை நானும் என் மனைவியும்தான் பார்த்து வருகிறோம். இப்போது அதற்கென்று ஒருவரை வேலைக்கு வைக்க எண்ணியிருக்கிறேன். அவர் பாலிசி விற்க வேண்டியதில்லை; நான் கொடுக்கும் பட்டியலில் உள்ளவர்களை அழைத்துப் பேசி, நான் நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஒரு நாளும் நேரமும் வாங்கித் தந்தால் போதும்.

சம்பளம் எவ்வளவு என்று தொழிலில் இருப்பவர்களை விசாரித்தபோது ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் மாதம் 12,000 ரூபாய் கொடுத்துவிட்டு வேறு எதுவும் தருவதில்லை. இன்னொருவர் சம்பளம் என்று எதுவும் வைக்காமல் ஓர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு 150 ரூபாய் என்று கணக்குப் பார்க்கிறார். மூன்றாமவர், பாலிசி முடிந்தால், அதாவது வாடிக்கையாளர் பாலிசி எடுத்துக்கொண்டால், தன் முதல் ஆண்டுக் கமிஷனில் பத்து சதவீதத்தைப் பங்காகக் கொடுக்கிறார். இவற்றில் எது நியாயமானது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். மலிவாக முடிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. வருகிறவர் நாலு மாதத்தில் விட்டுவிட்டுப் போகாமல், மனநிறைவோடு இருந்து வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பவானிக்கரை:

ஐயா, நானும் முகவன்தான். மூன்றாவது முறையே சரி என்பது என் கருத்து. நமக்கு யாரும் மாதச் சம்பளம் தருவதில்லை. மாதம் முழுவதும் வெயிலில் அலைந்து ஒரு பாலிசியும் முடியவில்லை என்றால், பெட்ரோல் செலவுகூட நம் கைக்காசுதான். அப்படியிருக்க, நமக்காக நேரம் வாங்கித் தருபவருக்கு மட்டும் விற்றாலும் விற்காவிட்டாலும் நிலையான சம்பளம் என்றால், நஷ்டம் முழுவதும் நம் தலையில்தான் விழும். பாலிசி முடிந்தால் பங்கு என்று வைத்தால், வாங்கக்கூடியவரா என்று பார்த்து அவரும் கவனமாகப் பேசுவார்.

திருப்பூர் தேவி:

இந்த வேலையைத் திருப்பூரில் இரண்டு முகவர்களிடம் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இப்போது வேறு துறையில் இருக்கிறேன்.

பவானிக்கரை அண்ணா சொல்வதில் ஒன்று விடுபட்டுவிட்டது. பாலிசி முடிவதும் முடியாததும் டெலிகாலரின் கையில் இல்லை. நான் நேரம் வாங்கித் தருகிறேன். முகவர் அரை மணி நேரம் தாமதமாகப் போகிறார். வாடிக்கையாளர் கோபத்தில் பேசாமல் அனுப்பிவிடுகிறார். அல்லது முகவர் சரியாகப் போய், அவருக்குப் பொருந்தாத ஒரு பெரிய பிரீமியம் திட்டத்தை எடுத்து வைக்கிறார்; அவர் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். அல்லது பாலிசி எடுத்துவிட்டு முப்பது நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இந்த மூன்றிலும் நான் என் வேலையை முழுமையாகச் செய்திருக்கிறேன், ஆனால் எனக்கு ஒரு ரூபாய்கூட வராது. முகவர் ஒரு வியாபாரம் நடத்துகிறார். அவருக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ரெனியூவல் கமிஷன் வரும். அந்த வருமானத்தில் எனக்குப் பங்கில்லை என்னும்போது, நஷ்டத்தில் மட்டும் பங்கு கேட்பது எப்படி நியாயமாகும்?

ஓர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு இவ்வளவு என்று வைக்கும் முறையும் கெடுதலானதுதான். நான் வேலை பார்த்த முதல் இடத்தில் அந்த முறைதான் இருந்தது. மாதக் கடைசி வாரத்தில், "சும்மா வந்து ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போவார் சார், நீங்க எதுவும் வாங்க வேண்டாம்" என்று கெஞ்சி நேரம் வாங்குவோம். வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிற மென்மையான ஆட்களைத் தேடிப் பிடிப்போம். முகவர் பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசி வரை போவார், வீடு பூட்டியிருக்கும். எங்கள் சம்பளம் அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது என்பதால் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முறையே அப்படித்தான் நடக்க வைக்கிறது.

இந்த வேலையில் உள்ள திறமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியைச் சனிக்கிழமை அழைத்தால் பேசவே மாட்டார், ஏனென்றால் அன்று வாரக்கூலி பட்டுவாடா நாள். செவ்வாய், புதன் காலை பதினொரு மணி வாக்கில் அழைத்தால் நிதானமாகப் பேசுவார். என் நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், "மகள் பத்தாம் வகுப்பு, பரீட்சை முடிந்து ஏப்ரலில் பேசவும்", "மனைவிதான் முடிவெடுப்பவர், மாலையில் அழைக்கவும்", "அப்பா இறந்து இரண்டு மாதம், இப்போது அழைக்கக் கூடாது" என்று எழுதி வைத்திருப்பேன். வேலையை விட்டபோது அந்த நோட்டை முகவரே வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது, ஆனால் சம்பளம் பேசும்போது "போன் பண்ற வேலைதானே" என்றுதான் சொன்னார்.

மதுரை வழக்கறிஞர்:

தொழிலாளர் வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் சட்ட நிலையைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

மூன்றாவது முறை, அதாவது பாலிசி முடிந்தால் கமிஷனில் பங்கு என்பது, நியாயமா என்ற கேள்விக்கு முன்பே சட்டத்தில் சிக்கும். காப்பீட்டுச் சட்டம், 1938-இன் 40-ஆவது பிரிவு, காப்பீட்டு வணிகத்தைக் கேட்டுப் பெறுவதற்காகவோ கொண்டுவருவதற்காகவோ முகவர் அல்லது இடைத்தரகர் அல்லாத எவருக்கும் கமிஷனாகவோ வேறு எந்த வடிவிலோ ஊதியம் தரக் கூடாது என்கிறது. உரிமம் பெறாத ஒரு டெலிகாலருக்கு, விற்ற பாலிசியின் பிரீமியத்தையோ கமிஷனையோ அளவாக வைத்துப் பணம் கொடுத்தால், அது இந்தத் தடைக்குள் வரும் என்று வாதிட முழு இடம் இருக்கிறது. அலுவலக உதவியாளராக அவருடைய நேரத்துக்கும் உழைப்புக்கும் சம்பளம் கொடுப்பது வேறு. விற்பனைக்குப் பங்கு கொடுப்பது வேறு. டெலிகாலர் போனிலேயே திட்டத்தின் பலன்களை விளக்கி, வாங்கச் சொல்லி வற்புறுத்தத் தொடங்கினால் அந்த எல்லை மேலும் மங்கிவிடும். ஆகவே அவர் பேச வேண்டியது நேரம் வாங்குவது பற்றி மட்டுமே என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி தருவது தவறல்ல. ஆனால் அந்த வேலைக்கு நேர அடிப்படையில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், எண்ணிக்கைக் கூலி அதற்குக் கீழே போகக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி இருக்கிறது. அந்தத் தொகுப்பின்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போனாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். "நோட்டீஸ் கொடுக்காமல் போனாய், அதனால் கடைசி மாதச் சம்பளம் கிடையாது" என்று சொல்லப்பட்ட பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பவானிக்கரை:

40-ஆவது பிரிவு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. முகவர்களை மேற்பார்க்கும் என் வளர்ச்சி அதிகாரியும் இதை ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் சிறிய முகவரின் நிலைமையையும் இங்கே யாராவது பேச வேண்டும். 2024 அக்டோபரில் சரண்டர் மதிப்பு (பாலிசியைப் பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகை) விதிகள் மாறிய பிறகு பல நிறுவனங்கள் முதல் ஆண்டுக் கமிஷனைக் குறைத்துவிட்டன. முன்பு ஜனவரி முதல் மார்ச் வரை வரிச் சேமிப்புக்காகவே ஆட்கள் தேடி வருவார்கள். புதிய வருமான வரி முறையில் பிரீமியத்துக்கான 80சி வரிக் கழிவு கிடையாது என்பதால் அந்த வரவும் மெலிந்துவிட்டது. 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி நீங்கியது பேசுவதற்கு ஒரு நல்ல காரணமாக அமைந்தது என்பது உண்மைதான், ஆனாலும் அதைச் சொன்னதும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவதில்லை. மாதம் 30,000 ரூபாய் கையில் நிற்காத முகவர், மாதம் 15,000 சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது எப்படி?

ஓய்வுபெற்ற வளர்ச்சி அதிகாரி:

பணிக்காலம் முழுவதும் முகவர்களோடு இருந்தவன். தம்பி பவானிக்கரை கேட்டதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள எண்கள் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ஒவ்வொருவரும் தம் பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

முழுநேர டெலிகாலர் ஒரு நாளைக்கு 120 எண்களை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐம்பது பேர் எடுத்தால், பதினைந்து பேர் சொல்வதை முழுவதும் கேட்பார்கள். இருவர் நேரம் கொடுப்பார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் சொன்ன நேரத்தில் இருப்பார். மாதம் 24 வேலை நாளில் 24 சந்திப்புகள் உண்மையாக நடக்கும். ஆறுக்கு ஒன்று முடிந்தால் நான்கு பாலிசிகள். சராசரிப் பிரீமியம் ஆண்டுக்கு 30,000 என்றும், நீண்ட காலமாக இருந்துவந்த விகிதப்படி முதல் ஆண்டு 25 சதவீதம் என்றும் கொண்டால், ஒரு பாலிசிக்கு 7,500, நான்குக்கு 30,000 ரூபாய். டெலிகாலருக்கு 14,000 சம்பளமும், நடந்த சந்திப்பு ஒன்றுக்கு 100 ரூபாய் இன்சென்டிவும் கொடுத்தால் 16,400 செலவாகும். முகவருக்கு 13,600 மிஞ்சும்.

இதைப் பார்த்ததும் பாதிக்கு மேல் டெலிகாலருக்கே போகிறதே என்று தோன்றும். ஆனால் அதே நான்கு பாலிசிகளுக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீத வீதம் ஆண்டுக்கு 9,000 ரூபாயும், அதன் பிறகு 5 சதவீத வீதம் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் முகவருக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு மாத உழைப்பின் பலன் அது. பன்னிரண்டு மாத உழைப்பை அதன் மேல் அடுக்கிப் பாருங்கள். டெலிகாலர் நட்ட தென்னையில் முகவர் பல ஆண்டுகள் காய் பறிக்கிறார் என்பதால், நடும்போது கொடுக்க வேண்டிய கூலியில் கை வைக்கக் கூடாது.

கமிஷன் விகிதம் 20 ஆகக் குறைந்தால் முதல் ஆண்டில் மிஞ்சுவது 7,600 மட்டுமே என்பதும், அதில்தான் பெட்ரோலும் போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட முகவர் முழுநேர ஆள் வைக்க வேண்டாம் என்பதே என் யோசனை. மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் வைத்துக்கொள்ளட்டும், அல்லது இரண்டு முகவர்கள் சேர்ந்து ஒருவரை வைத்து, ஆளுக்குப் பாதி நாள், பாதிச் சம்பளம் என்று பகிர்ந்துகொள்ளட்டும். கட்டுப்படி ஆகவில்லை என்றால் நேரத்தைக் குறைக்க வேண்டும், மணிக்கூலியைக் குறைக்கக் கூடாது. நான் பார்த்தவரை சம்பளத்தைக் குறைத்த முகவர்கள் எல்லாரும் நாலைந்து மாதத்துக்கு ஒரு புதுப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தில் வீணாகும் அழைப்புகளின் விலையை அவர்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பாலிசிதாரர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் ஆகியோரின் பட்டியலைக் கொடுத்தால் மேலே சொன்ன எண்கள் இன்னும் நன்றாக வரும். எங்கோ விலைக்கு வாங்கிய எக்செல் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஏன் அப்பாயின்ட்மென்ட் வரவில்லை என்று டெலிகாலரைக் கேட்பது அநியாயம்.

கைக்குழந்தைக்காரி:

நான் இப்போது வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். சம்பளத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கும் செலவைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

முன்பு இருந்த இடத்தில் என் சொந்த எண்ணிலிருந்துதான் அழைக்கச் சொன்னார்கள். மாத ரீசார்ஜும் என் செலவு. சில மாதங்களில், எண்ணிலிருந்து வெளியே அழைக்க முடியாமல் போனது. தொந்தரவு அழைப்பு என்று பலர் புகார் கொடுத்திருந்தார்கள். முகவரிடம் சொன்னபோது, "வேற சிம் போட்டுக்கோம்மா" என்றார். என் வங்கிக் கணக்கு, ஆதார், குழந்தையின் தடுப்பூசிப் பதிவு, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. அவருடைய வியாபாரத்துக்காக என் பெயரில் உள்ள எண் முடங்கியது, அவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

இரவில் திரும்ப அழைத்துத் தகாத வார்த்தை பேசுகிறவர்களும் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் என் குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசினார் ஒருவர். அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன். தயவுசெய்து, ஆள் வைக்கும் முகவர்கள் வேலைக்கென்று தனியாக ஓர் எண்ணும் ஒரு போனும் கொடுங்கள். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை.

மதுரை வழக்கறிஞர்:

சகோதரி சொன்னது மிக முக்கியமானது. தனியாக ஒரு சிம் கொடுத்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிக விளம்பர அழைப்புகளைப் பதிவு செய்துகொண்டு, அதற்கென ஒதுக்கப்பட்ட, 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் செய்ய வேண்டும். 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்து இத்தகைய அழைப்புகள் வேண்டாம் என்று சொன்னவர்களை அழைக்கக் கூடாது. அந்தப் பதிவில் வங்கி, காப்பீடு ஆகியவற்றுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விதிகள் மேலும் இறுகின. பத்து நாட்களில் ஐந்து புகார்கள் வந்தாலே பதிவில்லாத எண்ணின் மீது நடவடிக்கை உண்டு. முதல் முறை பதினைந்து நாட்கள் வெளியழைப்பு முடக்கம். மீண்டும் நடந்தால் அந்தப் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இந்த விளைவைச் சுமக்கிறார் என்பதால், டெலிகாலரின் சொந்த எண்ணைப் பயன்படுத்தச் சொல்வது, முகவரின் பொறுப்பை அவருடைய தலையில் ஏற்றுவதாகும். இணைப்பு முகவரின் பெயரில் இருக்கட்டும், பதிவும் அவருடையதாக இருக்கட்டும். ஏற்கெனவே தம்மிடம் பாலிசி எடுத்தவர்களையும் தாமாகவே அழைக்கச் சொன்னவர்களையும் முதலில் அழையுங்கள்.

தகாத பேச்சைப் பற்றி: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் மூலம் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பான சூழலைத் தரும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கி, முகவரே அந்த நபரிடம் பேசிக் கண்டிப்பது முதல் நாளே நடக்க வேண்டிய காரியம்.

பவானிக்கரை:

என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று முழுவதும் சொல்ல மாட்டேன்; மாதச் சம்பளம் இன்னும் எனக்குப் பாரமாகவே தெரிகிறது. ஆனால் இரண்டு முகவர்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளும் யோசனை எனக்குக் கட்டுப்படியாகும். கோபியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

பீளமேடு முகவர்:

எல்லாருக்கும் நன்றி. தேவி சகோதரியும் வளர்ச்சி அதிகாரி ஐயாவும் எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். நான் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, ஞாயிறு விடுமுறை. மாதம் 14,000 ரூபாய் நிலையான சம்பளம். குறைந்தபட்சக் கூலி அதற்கு மேல் இருக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இருந்தால் அந்தத் தொகையையே வைத்துக்கொள்வேன். உண்மையில் நடந்த ஒவ்வொரு சந்திப்புக்கும் 100 ரூபாய் இன்சென்டிவ். பாலிசி முடிந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. போனும் இணைப்பும் என் பெயரில், என் செலவில். பதிவு வேலையை முடித்த பிறகே புதிய எண்களை அழைக்கச் சொல்வேன். அதுவரை பழைய பாலிசிதாரர்கள் மட்டுமே.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. வாடிக்கையாளர் நாளைத் தள்ளிப்போட்டால் இன்சென்டிவை எப்படிக் கணக்கிடுவது? பயிற்சி நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் சரியா?

திருப்பூர் தேவி:

பயிற்சி நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள், அண்ணா. அந்த நாட்களிலும் அவர் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குத்தான் போவார். பஸ் கட்டணமும் பாதியாகக் குறையாது. இன்சென்டிவ் மட்டும் பயிற்சி முடிந்து தொடங்கட்டும்.

தள்ளிப்போன சந்திப்பு எத்தனை முறை தள்ளினாலும் ஒன்றுதான். நடந்த அன்று 100 ரூபாய் எழுதுங்கள். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் இருந்தும் நீங்கள் போக முடியாமல் போனால், அதை நடந்த சந்திப்பாகவே எழுதிவிடுங்கள், ஏனென்றால் டெலிகாலர் பக்கத்து வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. அந்த வாடிக்கையாளரை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டு வேறு நாள் வாங்குகிற சங்கடமும் அவருக்குத்தான் வரும். அதையும் முடித்துக் கொடுத்தால் இரண்டாவது முறையும் எழுதுங்கள்.

கணக்கை மாதக் கடைசியில் நீங்கள் மட்டும் பார்த்துச் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் மாலையில் இருவரும் சேர்ந்து ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் சண்டை வந்தது தொகையினால் அல்ல, எந்தச் சந்திப்பு நடந்தது, எது நடக்கவில்லை என்று யாரும் எழுதி வைக்காததனால்தான்.